முதல் கைத்துப்பாக்கி: இந்தியாவில் ஏன் எல்லோரும் .32-ல் வந்து நிற்கிறார்கள்?

ஓடிடி-யில் ஒரு ஆக்‌ஷன் படம் முடிந்த கையோடு, '9 எம்எம் பிஸ்டல் விலை' என்று கூகுளில் தட்டிப் பார்த்தவரா நீங்கள்? வெட்கப்பட வேண்டாம், நிறைய பேர் செய்வதுதான். ஆனால் அங்கே வந்து விழும் பதில்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் கடைக்குப் போய் வாங்குபவருக்காக எழுதப்பட்டவை. க்ளாக்கா, சிக் சாவரா? 9 எம்எம்-ஆ, .45-ஆ? அங்கே இதைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். இந்தியாவில் அந்தச் சண்டைக்கு வேலையே இல்லை. நீங்கள் யோசிக்கத் தொடங்கும் முன்பே உங்களுக்கான கேலிபரைச் சட்டம் முடிவுசெய்துவிட்டது.

ஆனாலும் தேர்வு செய்ய எதுவுமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ரிவால்வரா பிஸ்டலா, .32-ஆ .22-ஆ, தற்காப்புக்கா விளையாட்டுக்கா என்று சில முக்கியமான முடிவுகள் உங்கள் கையில்தான் இருக்கின்றன. வாங்கத்தான் வேண்டுமா என்ற முடிவும் அதில் சேர்த்தி.

முதலில், கேலிபர் என்றால் என்ன?

சுருக்கமாகச் சொன்னால், குழலின் உள்விட்டம். நம் ஊரில் கடைக்காரர்களும் காவல் நிலையத்திலும் 'போர்' என்பார்கள். .32 என்றால் அங்குலத்தில் நூறில் 32 பங்கு, அதாவது ஏறத்தாழ 8 மி.மீ. .22 என்றால் ஏறத்தாழ 5.6 மி.மீ. ஆனால் இந்த எண்களைத் துல்லியமான அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். .32 தோட்டாவின் ஈயக்குண்டு உண்மையில் .31 அங்குலத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதே தோட்டாவை ஐரோப்பாவில் 7.65 மி.மீ. என்கிறார்கள். கேலிபர் என்பது பாதி அளவு, பாதி பிராண்ட் பெயர்.

விட்டத்தைவிட முக்கியமானது, தோட்டா எவ்வளவு ஆற்றலோடு வெளியே வருகிறது என்பது. இதை ஜூலில் அளப்பார்கள். போட்டிகளில் பயன்படுத்தும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் இது 10 ஜூலைக்கூடத் தொடாது. .32 கைத்துப்பாக்கிகளில் தோராயமாக 150 முதல் 175 ஜூல் வரை. 9 எம்எம்-ல் 450 ஜூலைத் தாண்டும். விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்தான் வித்தியாசம், ஆற்றலில் இரண்டரை முதல் மூன்று மடங்கு. உலகம் முழுக்கக் காவல் துறைகள் .32-ஐக் கைவிட்டு 9 எம்எம்-க்கு நகர்ந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். ஆனால் ஆற்றல் கூடினால் கையில் வாங்கும் உதையும் கூடும். வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் சுட்டுப் பார்க்கப்போகும் ஒருவருக்கு .32-ன் மென்மையான உதை ஒரு வசதிதான்.

அப்போ ஏன் 9 எம்எம் கிடையாது?

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் கீழ் வந்த 2016-ம் ஆண்டு விதிகளும் துப்பாக்கிகளை வகை பிரிக்கின்றன. விதிகளின் முதல் அட்டவணையில் ஒரு வரி வருகிறது: .380 அல்லது .455 விளிம்புள்ள தோட்டாக்களையோ, ராணுவப் பயன்பாட்டிலுள்ள 9 எம்எம் அல்லது .45 விளிம்பற்ற தோட்டாக்களையோ போட்டுச் சுடக்கூடிய எந்த போர் பிஸ்டலும் ரிவால்வரும் முதல் வகையில் சேரும். இதைத்தான் பேச்சுவழக்கில் 'பி.பி.', அதாவது தடை செய்யப்பட்ட போர் என்கிறார்கள். நீங்களும் நானும் கேட்டு வாங்கக்கூடியது மூன்றாவது வகை. அதற்குப் பெயர் 'என்.பி.பி.'

சட்டத்தின் தர்க்கம் எளிமையானது. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் தோட்டா, கிடங்கிலிருந்து திருடப்பட்டோ கசிந்தோ வெளியே வந்தாலும், அதைப் போட்டுச் சுட ஒரு தனியார் துப்பாக்கி இருக்கக் கூடாது. ஆகவே தோட்டாவின் ஆற்றலைப் பார்த்து இந்தத் தடை போடப்படவில்லை, அது யாருடைய தோட்டா என்பதைப் பார்த்துப் போடப்பட்டது. அதனால்தான் இந்தப் பட்டியலைப் படித்தால் பழைய ராணுவக் கிடங்கின் பதிவேட்டைப் படிப்பதுபோல இருக்கிறது. .455 என்பது பிரிட்டிஷ் அதிகாரிகள் இடுப்பில் தொங்கவிட்ட வெப்ளி ரிவால்வரின் தோட்டா. அந்த அதிகாரிகள் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது, எண் மட்டும் அட்டவணையில் பத்திரமாக இருக்கிறது.

'யாரோ தெரிஞ்சவர்கிட்ட 9 எம்எம் இருக்காம், சல்லிசா கிடைக்குமாம்' என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். தடை செய்யப்பட்ட ஆயுதத்தை அனுமதியின்றி வைத்திருப்பதற்கு 2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 ஆண்டுகள், அதிகபட்சம் 14 ஆண்டுகள்.

இன்னொரு கதவும் மூடியிருக்கிறது. 1980-களின் நடுப்பகுதியிலிருந்து சாதாரண மக்கள் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்ய முடியாது. தேர்ச்சி பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு மட்டும் விதிவிலக்குகள் உண்டு. அதற்கு முன்பு உள்ளே வந்த வெளிநாட்டு .32-கள் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. புதிதாக வர வழியில்லாததால் விலை எகிறிக் கிடக்கிறது. நாற்பது வருடப் பழைய பொருளுக்குப் புதுக் கார் வாங்கும் அளவுக்குப் பணம் கேட்கும் சந்தை இது. பெருமைக்காக வாங்குபவர்களை விட்டுவிடுவோம். முதல் துப்பாக்கியாக இதை வாங்குவதில் எனக்குத் தெரிந்து ஒரு பயனும் இல்லை.

ஒரே .32, இரண்டு தோட்டா

புதிதாக வாங்குபவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இந்தியாவில் '.32 போர்' என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு தோட்டாக்கள் இருக்கின்றன. ரிவால்வருக்கானது '.32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங்'. 1890-களில் வந்தது, நீளமானது, அடியில் தெளிவான விளிம்பு உண்டு, கூடு ஏறத்தாழ 23 மி.மீ. நீளம். பிஸ்டலுக்கானது '.32 ஏசிபி'. அமெரிக்க வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் 1899-ல் உருவாக்கியது. கூடு 17 மி.மீ.தான், விளிம்பும் மெல்லியது. இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றுக்கு வாங்கியதை இன்னொன்றில் போடக் கூடாது. நீளமான ரிவால்வர் தோட்டா பிஸ்டலின் மேகசினில் நுழையாது. குட்டையான பிஸ்டல் தோட்டா ரிவால்வர் அறைக்குள் விழுந்து உட்கார்ந்துவிடக்கூடும், ஆபத்து அதில்தான். அந்த அறை அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

எனவே கடையில் '.32 ஒரு பெட்டி' என்று கேட்காதீர்கள். 'ரிவால்வர் தோட்டா' அல்லது 'பிஸ்டல் தோட்டா' என்று கேளுங்கள். ஒரு வருடத்தில் எத்தனை தோட்டா வாங்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம் என்பது உங்கள் லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கணக்கு ஏறும்.

ரிவால்வரா, பிஸ்டலா?

ரிவால்வரில் உருளை ஒன்று சுற்றும், அதில் பெரும்பாலும் ஆறு அறைகள். பிஸ்டலில் கைப்பிடிக்குள் மேகசின் போகும், ஒவ்வொரு முறை சுட்டதும் மேலேயுள்ள ஸ்லைடு பின்னால் போய் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். பொதுவாக அரைத் தானியங்கித் துப்பாக்கிகள் தடை வகையில் வந்தாலும், பிஸ்டலுக்கு அங்கே விலக்கு உண்டு. அதனால் தடை செய்யப்பட்ட போர் இல்லாத வரை பிஸ்டலும் சட்டப்படி வாங்கக்கூடியதுதான்.

முதல் துப்பாக்கியாக எது? என் கருத்து ரிவால்வர் பக்கம்தான் சாய்கிறது, காரணம் சொல்கிறேன். ரிவால்வரில் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதை உருளையைத் திறந்தால் கண்ணால் பார்த்துவிடலாம். ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் மறுபடி விசையை இழுத்தால் அடுத்த அறை முன்னால் வந்துவிடும். பிஸ்டலில் அப்படியில்லை. மேகசினைக் கழற்றிவிட்டு 'காலி' என்று நினைத்தால், குழலின் அறைக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். சுத்தம் செய்யும்போது நடக்கும் விபத்துகளுக்குப் பின்னால் பல நேரம் இந்த ஒற்றைத் தோட்டாதான் இருக்கிறது. பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தால், மேகசினை எடுத்த பிறகு ஸ்லைடை இழுத்து அறையையும் பார்ப்பது மூச்சு விடுவதுபோலப் பழகிப்போக வேண்டும். பிஸ்டலுக்குச் சாதகமும் உண்டு: தட்டையாக இருக்கும், விசையும் பொதுவாக லேசாக இருக்கும்.

இந்தியச் சந்தையில் பெரும் பங்கு அரசுத் தொழிற்சாலைகளுடையது. முன்பு படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தின் கீழ் இருந்தவை 2021 அக்டோபர் 1 முதல் ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. துப்பாக்கிகள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் நிறுவனத்துக்குப் போயின (நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் இதன் கீழ்தான்). தோட்டாக்கள் புனேயிலுள்ள மியூனிஷன்ஸ் இந்தியாவுக்குப் போயின. அதாவது நீங்கள் வாங்கும் துப்பாக்கி ஒரு நிறுவனத்துடையது, அதில் போடும் தோட்டா இன்னொன்றுடையது.

மாடல்களில் பழையது, நடுவில் மடிந்து திறக்கும் வகை ரிவால்வர். பிரிட்டிஷ் வெப்ளியின் வாரிசு. 2014 ஜனவரியில் 'நிர்பீக்' வந்தது: .32 போர், டைட்டானியம் கலவை, எடை சுமார் 500 கிராம், அறிமுக விலை ஒரு லட்சத்து 22 ஆயிரம் ரூபாய். டெல்லி பாலியல் வன்கொலைக்குப் பிறகு, 'பெண்களுக்கான துப்பாக்கி' என்று விளம்பரப்படுத்தினார்கள். இரவுப் பேருந்தில் வீடு திரும்பும் எத்தனை பெண்களால் அந்த விலை கொடுத்து, அதற்கு லைசென்ஸும் வாங்கி, அதைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியும் என்று அப்போதே பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2023-ல் 'பிரபல்' வந்தது. உருளை பக்கவாட்டில் வெளியே வரும் வகை, எடை சுமார் 700 கிராம், 50 மீட்டர் வரை சுடும் என்கிறது நிறுவனம். தனியார் பக்கம், பழைய பிரிட்டிஷ் பெயரான வெப்ளி அண்ட் ஸ்காட், உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்திலுள்ள சண்டீலாவில் 2020-ல் .32 ரிவால்வர் தயாரிக்கத் தொடங்கியது. பிஸ்டல் வேண்டுமென்றால் அரசுத் தயாரிப்பில் 'அஷனி'.

500 கிராமா, 700 கிராமா என்று பார்க்கும்போது லேசானதுதான் நல்லது என்று தோன்றும். பையில் வைத்துக்கொள்ள ஆமாம். சுடும்போது அப்படியில்லை. அதே தோட்டாவை லேசான துப்பாக்கியில் சுட்டால் உதை கூடுதலாகத் தெரியும், குறி தவறும் வாய்ப்பும் கூடும். வாங்கும் முன் கையில் பிடித்துப் பாருங்கள். காலி ரிவால்வரின் விசையை, கடைக்காரரின் அனுமதியோடு, பாதுகாப்பான திசையில் ஒரு முறை முழுதாக இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது முனை ஆடினால், சுடும்போது இன்னும் அதிகமாக ஆடும்.

விளையாட்டுக்கு என்றால் கதையே வேறு

உங்கள் ஆர்வம் தற்காப்பு இல்லை, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வென்ற இரண்டு வெண்கலங்களைப் பார்த்து வந்தது என்றால், .32-ஐ மறந்துவிடுங்கள். அவர் இரண்டையும் வென்றது 10 மீட்டர் ஏர் பிஸ்டலில், அதாவது 4.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கியில். .177 போருக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. அடுத்த படி .22, அதாவது 25 மீட்டர் பிரிவு. 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வென்ற ரேபிட் ஃபயர் பிஸ்டல் இந்த போர்தான். இதற்கு லைசென்ஸ் வேண்டும். தோட்டா மலிவு, உதை மிகக் குறைவு, கற்றுக்கொள்ள இதைவிட நல்ல போர் கிடையாது.

துப்பாக்கியே வேண்டும் என்று முடிவெடுத்தவர்களுக்கும் என் பரிந்துரை இதுதான்: முதலில் ஒரு ரைஃபிள் கிளப்பில் சேருங்கள், ஆறு மாதம் ஏர் பிஸ்டல் சுடுங்கள். அதற்குப் பிறகும் ஆர்வம் இருந்தால் மேற்கொண்டு பேசலாம். பலருக்கு அங்கேயே ஆசை தீர்ந்துவிடும்.

லைசென்ஸ் கிடைக்குமா?

மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி, 2016 முடிவில் இந்தியாவில் 33.69 லட்சம் துப்பாக்கி லைசென்ஸ்கள் இருந்தன. அதில் 12.77 லட்சம் உத்தரப் பிரதேசத்தில் மட்டும். தமிழ்நாட்டில் 22,532. உ.பி.யின் மக்கள்தொகை நம்முடையதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு, லைசென்ஸோ 56 மடங்கு. சட்டம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான், கொடுக்கும் கை வேறு.

அதே நேரம், ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே அமைப்பின் 2018 மதிப்பீட்டின்படி இந்தியப் பொதுமக்களிடம் 7.11 கோடி துப்பாக்கிகள், அதில் பதிவு செய்யப்பட்டவை 97 லட்சம் மட்டுமே. மீதி கணக்கில் வராதவை. லைசென்ஸ் அலுவலகத்தில் வரிசையில் நிற்பவர் இந்தப் பிரச்சினையின் மிகச் சிறிய பகுதி. ஆனால் கெடுபிடி முழுக்க அவரிடம்தான்.

அமெரிக்காவைப்போல இங்கே ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை இல்லை. 2023 பிப்ரவரியில் சட்டவிரோதத் துப்பாக்கிகள் பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியது. எனவே 'எனக்குத் தேவை' என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 21 வயது முடிந்திருக்க வேண்டும். ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பம் மாவட்ட ஆட்சியரிடம், சென்னை போன்ற இடங்களில் காவல் ஆணையரிடம் போகும். உங்கள் பகுதிக் காவல் நிலையம் விசாரித்து அறிக்கை தரும். உயிருக்கு அச்சுறுத்தல், தொழிலின் தன்மை, குறைந்தது இரண்டு ஆண்டுகள் கிளப்பில் தொடர்ந்து பயிற்சி பெறும் விளையாட்டு வீரர் என்பவை கணக்கில் எடுக்கப்படும் காரணங்கள். 'ஐ.டி.யில் வேலை, நைட் ஷிஃப்ட், பயமா இருக்கு' என்ற ஒற்றைக் காரணத்தோடு போனால், நேர்மையாகச் சொல்கிறேன், லேசில் கிடைக்காது.

கிடைத்தால் 5 ஆண்டுகள் செல்லும். 2019 திருத்தத்துக்கு முன் இது 3 ஆண்டுகள். ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை அதே திருத்தத்தில் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தை நோக்கிச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து ஏற்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். செல்லுபடியாகும் எல்லையையும் பாருங்கள்: உங்கள் மாநிலத்துக்கு மட்டும் தரப்பட்ட லைசென்ஸோடு பெங்களூருக்கு வேலை மாறிப் போனால், துப்பாக்கியைச் சும்மா பெட்டியில் போட்டு எடுத்துப்போக முடியாது.

தாத்தாவின் துப்பாக்கி

நிறைய பேருக்கு முதல் துப்பாக்கி கடையிலிருந்து வருவதில்லை, வீட்டு பீரோவிலிருந்து வருகிறது. உரிமையாளர் இறந்துவிட்டால், சட்டப்படியான வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். புது விண்ணப்பத்தைவிட இதில் வாய்ப்பு அதிகம். ஆனால் லைசென்ஸ் கிடைக்கும் வரை அது உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். குழல்மேல் பொறித்திருக்கும் போரையும் பாருங்கள். அது .455 என்றால் ஆட்சியரால் முடியாது, விஷயம் டெல்லிக்கு, உள்துறை அமைச்சகத்துக்குப் போகும்.

வீட்டுக்குள் வந்த பிறகு

கலிபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2020-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது, வைத்திராத ஆண்களைவிட ஏறத்தாழ 8 மடங்கு அதிகம். பெண்களில் 35 மடங்கு. அமெரிக்கா வேறு, இந்தியா வேறு என்பது உண்மை. ஆனால் காரணம் ஊரைச் சார்ந்ததல்ல. மோசமான ஓர் இரவைக் கடந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். துப்பாக்கி அந்த இரவைக் கடக்க விடுவதில்லை. கொள்ளைக்காரனுக்காக வாங்கிய .32, வீட்டிலிருப்பவரின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் வருடம் முழுக்க இருக்கிறது. உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ மன அழுத்தம் இருந்தால் இந்தக் கட்டுரையின் மற்ற எல்லாப் பகுதிகளையும் தள்ளிவைத்துவிட்டு 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அழையுங்கள், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

வாங்கியே தீருவது என்றால் செலவுக் கணக்கில் ஒரு இரும்புப் பெட்டியையும் சேருங்கள், சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டுப் பொருத்தியது. துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில். சாவி தலையணைக்கு அடியில் இல்லை. குழந்தைகளுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாது என நம்பும் பெற்றோர்கள், தீபாவளிக்கு ஒளித்துவைத்த முறுக்கு டப்பாவை யார் கண்டுபிடித்தார்கள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

கடைசியாக, புதிதாக வாங்கியவர்கள் பலரும் எதிர்பார்க்காத ஒன்று: தேர்தல். அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் பட்டியல் பரிசீலிக்கப்பட்டு, துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். காவல் நிலையத்துக்குப் போகும்போது லைசென்ஸ் புத்தகத்தையும் எடுத்துப்போங்கள், வரிசை எண்ணைச் சரிபார்த்து ரசீதில் எழுதச் சொல்லுங்கள், ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிவுகள் வெளியாகி நடத்தை விதிகள் விலகிய பிறகு திரும்ப வாங்க அந்த ரசீதுதான் வேண்டும்.